டியூன் செய்த டர்போ காருக்கு பாஷ் எல்எஸ்யு 4.9 வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார்

எக்ஸாஸ்ட் புகையின் ஆக்ஸிஜனைக் குறுகிய வீச்சில் அளக்கும் நேரோபேண்ட் சென்சாரை நம்பி டர்போவின் பூஸ்ட் (காற்றழுத்தம்) ஏற்றாதீர்கள். லாம்டா 1, அதாவது எரிபொருள் முழுதாக எரியச் சரியாகப் போதுமான காற்று, அதைச் சுற்றி மட்டுமே அது தெளிவாகச் சொல்லும். முழு பூஸ்டில் தேவைப்படும், எரிபொருள் கூடிய 0.80 பக்கம் அதற்குக் கண் தெரியாது. அங்கே பரந்த வீச்சை அளக்கும் வைட்பேண்ட்தான். அதில் பாஷின் பழைய எல்எஸ்யு 4.2-ஐவிட 4.9 நல்ல தேர்வு. ஒப்பீட்டுக்கு வெளிக்காற்றை நம்புவதில்லை, அளவு எளிதில் நகராது. சென்சாரை இயக்கும் கன்ட்ரோலரும் 4.9-க்கானதாக இருக்க வேண்டும். ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தாது.

பல சென்சார்கள் சாவது பொருத்தும் இடத்தில்தான். டர்போவுக்கு முன்னால் போட்டால் அழுத்தம் அளவைக் கெடுக்கும், சூடு சென்சாரையே தின்னும். டர்போ தாண்டி, கேட்டலிஸ்ட்டுக்கு முன், டவுன்பைப்பில் (டர்போவிலிருந்து இறங்கும் எக்ஸாஸ்ட் குழாய்) 18 மி.மீ., 1.5 பிட்ச் பங் (சென்சாரைத் திருகும் மரை வளையம்) வெல்ட் செய்யுங்கள். நுனி கீழ் நோக்க, கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரி சாய்வு அவசியம். தண்ணீர் நுனியில் தேங்கி சென்சாரின் ஹீட்டர் சூடேறினால் உள்ளேயுள்ள செராமிக் விரிசல் விடும். இரண்டு பருவமழையும் பெய்யும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதை அலட்சியம் செய்யவே கூடாது. இறுக்கம் 40 முதல் 60 நியூட்டன் மீட்டர். சென்சாரை மாட்டிவிட்டு மின்சாரம் கொடுக்காமல் வண்டி ஓட்டினால் கரி படிந்து கெடும்.

குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்றில் கனெக்டர் பச்சை பிடிக்கும், சீல் ரப்பரைப் பாருங்கள். சென்சாருக்கு முன்னே எக்ஸாஸ்ட் கசிந்தால் ஐடிலில் பொய்யாக லீன் (எரிபொருள் குறைவு) காட்டும். அதை நம்பி எரிபொருளைக் கூட்டிவிடாதீர்கள்.

மீட்டரை லாம்டாவில் வையுங்கள். 20% எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்குச் சமநிலைக் காற்று-எரிபொருள் விகிதம் (லாம்டா 1) 14.7 அல்ல, ஏறக்குறைய 13.5.