காமன் லிஸ்ப் மியூசிக்: இரண்டு கம்பைலர்களுக்கு நடுவே நெடுநாள் அனுபவம்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சிசிஆர்எம்ஏ என்ற கணினி இசை ஆய்வு மையத்தில் பில் ஷாட்ஸ்டாட் உருவாக்கிய, லிஸ்ப் நிரல்மொழியில் எழுதி ஒலிகளைத் தொகுக்க உதவும் காமன் லிஸ்ப் மியூசிக் மென்பொருளை, பாலக்காட்டுக் கிழக்கு எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறையில், நாகசுரக் கலைஞர்களின் சாதகத்துக்குத் தேவையான ஒத்து, தம்பூரா ஆகிய சுருதி ஒலிகளை உருவாக்குவதற்காகப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். நான் கண்டவரையில், இதில் நேரும் கோளாறுகளில் பெரும்பாலானவை லிஸ்பிலும் இல்லை, ஒலிக் கணக்கிலும் இல்லை. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் இரண்டு கம்பைலர்கள், அதாவது லிஸ்புக்கான எஸ்பிசிஎல்லும் சி மொழிக்கான ஜிசிசியும் கைகோக்கும் இடத்தில்தான் இருக்கின்றன.

வினாடிக்கு 44,100 ஒலி மாதிரிகளைக் கணக்கிட வேண்டியிருப்பதால், ‘ரன்’ என்ற மேக்ரோவுக்குள் (நிரலை வேறு நிரலாக விரிக்கும் லிஸ்ப் அமைப்பு) நாம் எழுதும் பகுதி சி மொழிக்கு மாற்றப்பட்டு, ஜிசிசியால் கம்பைல் செய்யப்பட்டு, மீண்டும் லிஸ்புக்குள் ஏற்றப்படுகிறது. ஆகவே லிஸ்ப் நிரலில் ஓர் எழுத்துகூட மாறாதபோதும், ஜிசிசி புதுப்பிக்கப்பட்டால் வேலை நின்றுபோகலாம். உபுண்டு 20.04இலிருந்து 22.04க்கு மாறியபோது ஜிசிசி 9இலிருந்து 11க்குத் தாவியது. தலைப்புக் கோப்பில் ‘எக்ஸ்டர்ன்’ இல்லாமல் அறிவிக்கப்பட்ட பொது மாறிகள் பல கோப்புகளில் சேர்ந்தால், ஜிசிசி 10 முதல், கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்கர் அவற்றை ஏற்பதில்லை என்பதால், நாங்கள் கூடுதலாக இணைத்திருந்த பழைய சி கோப்புகள் உடனே தடைபட்டன. ‘எஃப்காமன்’ (-fcommon) விருப்பைச் சேர்த்தால் அவை மீண்டும் ஓடும். 2024இல் வந்த ஜிசிசி 14, முன்னறிவிப்பில்லாத செயற்கூறு அழைப்பை எச்சரிக்கையாக அல்லாமல் பிழையாகவே கருதுகிறது. இதற்கு விருப்பு தேடுவதைவிட விடுபட்ட அறிவிப்பை எழுதிச் சேர்ப்பதே நல்லது.

எஸ்பிசிஎல் பதிப்பு மாறினால், பழைய ஃபாஸல் கோப்பை (கம்பைல் செய்த லிஸ்ப் கோப்பை) அது வெளிப்படையாக மறுத்துவிடும். அத்தகைய பதிப்புச் சோதனை சி பக்கத்துப் பகிர்வு நூலகங்களுக்கு (எஸ்ஓ கோப்புகளுக்கு) கிடையாது. எனவே எந்தப் புதுப்பிப்புக்குப் பிறகும் ஃபாஸல், ஆப்ஜெக்ட், எஸ்ஓ கோப்புகள் அனைத்தையும் ஒருசேர அழித்துவிட்டு, முதலிலிருந்து கம்பைல் செய்வதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

அதிகக் காலம் பிடித்தது மிதவைப் புள்ளிப் பொறிகளை, அதாவது தசம எண் கணக்கில் தவறு நேர்ந்தால் ஓட்டத்தை நிறுத்தும் ஏற்பாடுகளைப் பற்றிய சிக்கல். “ஒத்து பாதியிலேயே நின்னு போகுது தம்பி” என்று நாகசுரம் வாசிக்கும் பெரியவர் ஒருவர் சொன்னார். ஒலி தேயும் முடிவில் வீச்சு பூஜ்யமாகும்போது, அதே வீச்சால் வகுக்கும் ஒரு வரி இருந்தது. அந்த சி நிரலைத் தனியே ஓட்டினால் முடிவிலி என்ற மதிப்பு கிடைத்து, ஓட்டம் தொடரும். எஸ்பிசிஎல்லுக்குள் ஓட்டினால், பூஜ்யத்தால் வகுக்கும் பொறி இயல்பாகவே திறந்திருப்பதால், லிஸ்ப் பிழையாக வந்து நிற்கும். பொறியை மூடி ஓட்டுமாறு பலர் அறிவுறுத்துவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மாதிரிகளைத் தாமத வரிசையில் திரும்பத் திரும்பச் சுழலவிட்டு மீட்டிய கம்பியின் ஒலியை உண்டாக்கும் கார்ப்ளஸ்-ஸ்ட்ராங் முறையில் ஒலிக்கும் தம்பூராக் கம்பியில், முடிவிலியிலிருந்து பிறக்கும் எண்ணல்லாத மதிப்பு (NaN) ஒன்று தாமத வரிசைக்குள் நுழைந்துவிட்டால், அது சுற்றிச் சுற்றிப் பரவி ஒலி முழுவதையும் கெடுத்துவிடும். பொறி நிறுத்திய இடம்தான் பழுதின் இடத்தைக் காட்டுகிறது. வகுக்கும் முன் வீச்சைச் சோதிக்கும் ஒரு நிபந்தனை போதுமானதாக இருந்தது.

பிழைச் செய்தி வந்தவுடன் லிஸ்ப் கோப்பை மாற்றத் தொடங்காமல், உருவாகியிருக்கும் சி கோப்பைத் திறந்து, அதே ஜிசிசி கட்டளையை டெர்மினலில் தனியாக இட்டுப் பார்க்க வேண்டும். அங்கேயே பிழை தெரிந்தால் லிஸ்பைத் தொட வேண்டியதில்லை.

புதிதாகக் கற்க வருகிறவர்களுக்கு, அதே ஷாட்ஸ்டாட்டின் ஸ்னெட் (Snd) என்ற ஒலித் திருத்தி நிரலையும் அதனுள் இருக்கும் எஸ்7 ஸ்கீம் என்ற லிஸ்ப் வகை மொழியையும் தருகிறேன். வேகம் குறைவு என்றாலும், இன்ஸ்ட்ருமென்டை (ஒலியை உருவாக்கும் நிரல் பகுதியை) திருத்தும் ஒவ்வொரு முறையும் சி கம்பைலரை நாட வேண்டியதில்லை. நீண்ட ஒத்து, தம்பூராப் பதிவுகளுக்கு மட்டும் காமன் லிஸ்ப் மியூசிக்கை, ஜிசிசி, எஸ்பிசிஎல் பதிப்புகளைப் புதுப்பிக்காமல் நிறுத்திவைத்த ஒரு கணினியில் தொடர்ந்து ஓட்டிவருகிறேன்.