டிவிடியை ‘4கே’ ஆக்கும் பெட்டி என்றால் நம்பாதீர்கள்: லாமிங்டன் ரோட்டில் நான் கொடுத்த 7,700 ரூபாய்

வீட்டில் பழைய கல்யாண டிவிடி இருக்கிறது, புதிதாக வாங்கிய பெரிய டிவியில் போட்டால் மங்கலாகத் தெரிகிறது என்று வருந்துகிறவர்கள் கடைக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். போன மாதம் மும்பை லாமிங்டன் ரோட்டில் ஒரு கடையில், எந்த டிவிடியையும் 4கே, அதாவது மிகத் துல்லியமான படமாக மாற்றும் பிளேயர் என்று சொல்லி என்னிடம் 6,800 ரூபாய் வாங்கினார்கள். அதற்கென்றே தனி வயர் வேண்டும் என்று இன்னொரு 900.

அம்மாவின் கல்யாணம் 1989இல் கும்பகோணத்தில் நடந்தது. வீடியோ கேசட்டில் எடுத்திருந்தார்கள். 2006இல் கேசட்டில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்ததும் டிவிடியில் ஏற்றி வைத்தோம். என் பாட்டி நடமாடும் காட்சி அந்த ஒரு டிவிடித் தட்டில்தான் இருக்கிறது. அம்மாவும் அப்பாவும் ஊஞ்சலில் உட்கார்ந்திருக்க, பாட்டி பச்சைப்பிடி என்ற வண்ணச் சோற்று உருண்டைகளைத் திருஷ்டிக்காகச் சுற்றி எறிகிறாள். முழுதாக ஒரு நிமிடம்கூட வராது. தீபாவளிக்கு 55 அங்குல 4கே டிவி வாங்கி, பழைய பிளேயரை மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரில் இணைத்துப் போட்டபோது பாட்டியின் முகத்தில் களிம்பு பூசியதுபோல் இருந்தது. “சின்ன டிவியில் இதைவிட நன்றாகத் தெரிந்தாளே” என்று அம்மா கேட்டது எனக்குப் பொறுக்கவில்லை.

மாட்டுங்காவில் ரயிலேறி, தாதரில் மாறி, கிராண்ட் ரோட்டில் இறங்கிப் போனேன். கடையில் விற்பனைக்கு நின்றவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். “தங்கச்சி, இதில் போட்டுப் பாருங்கள், அம்மா கல்யாணம் நேற்று நடந்ததுபோல் இருக்கும்” என்றார். இந்த ஊரில் கடைக்குள் தமிழ்க் குரல் கேட்டால் மனம் இளகிவிடுகிறது. அவர் ஓட்டிக் காட்டிய படத்தில் அருவியும் கிளியின் இறகும் துல்லியமாகத் தெரிந்தன. டிவியின் பக்கவாட்டில் ஒரு பென்டிரைவ் செருகியிருந்ததையும், பிளேயரில் டிவிடி வைக்கும் தட்டு ஒருமுறைகூட வெளியே வராததையும் நான் கண்ணால் பார்த்தேன். அப்போது அதன் பொருள் எனக்கு உறைக்கவில்லை. என் டிவிடி கைப்பையிலேயே இருந்தது. போட்டுக் காட்டச் சொன்னதற்கு, “கூட்டமாக இருக்கிறது, வீட்டில் நிதானமாகப் பாருங்கள்” என்றுவிட்டார்.

வீட்டில் ஊஞ்சல் காட்சி வந்தது. ஊஞ்சல் நகரும்போதெல்லாம் சங்கிலியின் ஓரமும் அம்மாவின் கூறைப்புடவைக் கரையும் சீப்பின் பற்களைப்போல் கோடுகோடாகப் பிளந்தன. நின்றதும் சேர்ந்துகொண்டன. கடைக்குப் போன் செய்தால் டிவியில் ‘ஷார்ப்னஸ்’ கூட்டுங்கள் என்றார்கள். கூட்டினேன். ஒவ்வொருவரையும் சுற்றி வெள்ளைக் கோடு விழுந்தது, அவ்வளவுதான். ரிமோட்டில் தகவல் பட்டனை அழுத்தினால் டிவிக்கு வந்துகொண்டிருந்தது 1920க்கு 1080 என்று தெரிந்தது. பிளேயரின் அமைப்புப் பகுதியிலும் அதற்கு மேல் எதுவும் இல்லை. அட்டைப்பெட்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைத் தவிர 4கே அந்தப் பொருளில் எங்குமே கிடையாது.

அதன்பிறகுதான் விஷயத்தை முழுதாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். நம் நாட்டு முறையில் பதிவான டிவிடியில் ஒரு முழுப் படத்துக்கு 720க்கு 576, அதாவது 4,14,720 புள்ளிகள். 4கே திரையில் 3840க்கு 2160, அதாவது 82,94,400. சரியாக 20 மடங்கு. திரையை நிரப்ப வேண்டுமென்றால் 20 புள்ளியில் 19 புள்ளியை யாராவது அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்குப்போட்டு நிரப்பியாக வேண்டும். அதைத்தான் ‘அப்ஸ்கேலிங்’ என்கிறார்கள். அது பொய்யான வேலை இல்லை. நன்றாகச் செய்தால் படம் உறுத்தாமல் இருக்கும். ஆனால் தட்டில் இல்லாத விவரத்தை அது கொண்டுவராது. எங்களுடையது கேசட்டிலிருந்து வந்தது, டிவிடி தாங்கக்கூடிய அளவுக்குக்கூட அதில் விவரம் கிடையாது. இன்னொன்று, எல்லா 4கே டிவியும் இந்த வேலையைத் தானே செய்கிறது. செய்யாவிட்டால் டிவிடி படம் திரையின் நடுவில் ஒரு சிறு கட்டமாகத்தான் தெரியும். டிவி வாங்கியபோதே காசு கொடுத்து வாங்கிய ஒன்றை எனக்கு இரண்டாம் முறை விற்றிருக்கிறார்கள்.

சீப்புப் பற்களின் காரணம் வேறு. அந்தக் காலத்து வீடியோ ஒரு முழுப் படத்தை இரண்டு பாதியாகப் பதிவு செய்தது. ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு தடவை, இரட்டைப்படைக் கோடுகள் அடுத்த தடவை, விநாடிக்கு 50 பாதிகள். இரண்டு பாதிக்கும் நடுவில் விநாடியின் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் ஓடிவிடுகிறது. அதற்குள் ஊஞ்சல் நகர்ந்திருக்கும். நல்ல பிளேயர் அசையும் இடம் எது, அசையாத இடம் எது என்று பார்த்துச் சேர்க்கும். மலிவான பிளேயர் இரண்டு பாதியையும் அப்படியே கோத்துவிட்டுப் பெரிதாக்குகிறது. ஒருமுறை அப்படிக் கோத்து 1080 ஆக்கி அனுப்பிவிட்டால், டிவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதைப் பிரிப்பது கடினம். என் பழைய டப்பாவில் இல்லாத கெடுதலை இந்த 6,800 ரூபாய்ப் பெட்டி செய்தது.

நான்காம் நாள் திருப்பிக் கொடுக்கப் போனேன். அதே மனிதர் இந்தியில் பேசினார். விற்ற பொருளை வாங்குவதில்லை என்று சுவரில் எழுதியிருப்பதைக் காட்டினார். கையால் எழுதிக் கொடுத்த சீட்டில் ‘டிவிடி பிளேயர்’ என்று மட்டும் இருந்தது, 4கே என்ற சொல்லே இல்லை. யுபிஐயில் பணம் போன பெயரும் கடையின் பெயரும் வேறுவேறு. இந்த இரண்டையும் பணம் கொடுக்கும்போதே பாருங்கள், நான் பார்க்கவில்லை. வாயால் சொல்லும் எதையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் தட்டை, உங்கள் கண்முன்னால், அந்தப் பிளேயரில் போட்டு, டிவியின் தகவல் பட்டனையும் அழுத்திக் காட்டாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். 900 ரூபாய் வயரும் வேண்டாம். 1080 படத்துக்குச் சாதாரண எச்டிஎம்ஐ வயரே தாராளம்.

சுவரில் எழுதியிருப்பதற்கும் பயப்பட வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி, குறையுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். முறையான பில் தராததும் அப்படியே. நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குப் புகார்க் கட்டணமும் கிடையாது.

ஏஐ வைத்து முகத்தைத் தெளிவாக்கித் தருகிறோம் என்று அதே கடையில் இன்னொருவர் அட்டை நீட்டினார். வாங்கவில்லை. இயந்திரம் ஊகித்து வரையும் முகம் என் பாட்டியின் முகம் ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை செம்பூரிலிருந்து அத்திம்பேர் தன் பழைய புளூரே பிளேயரை எடுத்துவந்தார். அதில் படத்தைப் பெரிதாக்காமல் ‘576i’ என்று, தட்டில் உள்ள இரண்டு பாதிகளாகவே அனுப்பும் வழி இருந்தது. சேர்க்கும் வேலையை டிவியே செய்தது. பக்கவாட்டில் இழுத்து எல்லோரையும் குண்டாக்கியிருந்த அமைப்பை 4:3க்கு, அதாவது பழைய டிவியின் அகல உயர விகிதத்துக்கு மாற்றினார், ஷார்ப்னஸை இறக்கினார். படம் மென்மையாகத்தான் இருந்தது, கேசட்டில் இருந்த அளவுக்கு. ஆனால் ஊஞ்சல் பிளக்காமல் ஆடியது. பாட்டி உருண்டையை எறியத் திரும்பும்போது மூக்குத்தி ஒருமுறை மின்னியது. அம்மா அதைக் கையால் காட்டினாள்.

1915இலிருந்து புகார் எண் வந்திருக்கிறது, கடையிலிருந்து இன்னும் பதில் இல்லை. பெட்டியையும் ஸ்டிக்கர் ஒட்டிய அட்டையையும் அப்படியே அலமாரியில் வைத்திருக்கிறேன், ஆணையத்தில் காட்ட அவை வேண்டும்.