சென்னைத் துறைமுக ரேடாரும் இருங்காட்டுக்கோட்டை மழையும்: ஒரு பைக் ரேஸரின் மதிப்பீடு

வழக்கமாக நான் டயர், பிரேக் பேட், ஹெல்மெட் வைசர் பற்றித்தான் எழுதுவேன். இந்த முறை எந்தக் கடையிலும் விற்காத ஒன்றைப் பற்றி எழுதுகிறேன்: இந்திய வானிலைத் துறை இலவசமாக வெளியிடும் சென்னை டாப்ளர் ரேடார் படங்கள். ஆகஸ்ட் கடைசியில் வெயிலும் மழையும் மாறி மாறி வந்த ஒரு சனி, ஞாயிறு பயிற்சியில் எந்த டயரோடு ட்ராக்கில் இறங்குவது என்று ஒவ்வொரு முறையும் எனக்குச் சொன்னது அதுதான். மழைக்காலத்தில் ரேஸ் ஓட்டும் ஒவ்வொருவரின் போனிலும் அந்தப் பக்கம் திறந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ட்ராக்கைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம். சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் இருங்காட்டுக்கோட்டை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ட்ராக் 1990 முதல் அங்கே இருக்கிறது. அதற்கு முன்பு சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்தது. முழுச் சுற்று 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். இந்த நீளத்தை ஏன் சொல்கிறேன் என்றால், குழுக்கள் நிற்கும் பிட் பக்கம் தார் காய்ந்து கிடக்கும்போது பின்பக்க வளைவுகளில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். பிட்டில் நின்று வானத்தைப் பார்ப்பவருக்கு அது தெரியாது. வளைவுக்குள் பைக்கைச் சாய்த்த பிறகுதான் ஓட்டுபவருக்குத் தெரியவரும்.

நம் சீசன் வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய மாதங்களில்தான் பெரும்பாலும் நடக்கிறது. அந்த மாதங்களில் சென்னைக்கு மழை வரும் விதமே தனி. பகல் முழுக்க வெயில் கொளுத்தும். மதியத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கிலிருந்து உள்ளே நுழையும். வேலூர், ராணிப்பேட்டை, திருவள்ளூர் பக்கம் இடிமேகம் கட்டும். மேலே வீசும் மேற்குக் காற்று அந்த மேகத்தைக் கடலை நோக்கித் தள்ளிக்கொண்டு வரும். நகரத்துக்காரர்கள் மாலையில் குடை எடுப்பதற்கு முன்பே அந்த மழை இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டியிருக்கும். வருகிற திசை தெரிகிறது, வேகத்தையும் கணக்குப் போட்டுவிடலாம். ரேடார் இங்கே இவ்வளவு நன்றாக வேலை செய்வதற்குக் காரணம் இந்த ஒழுங்குதான்.

இப்போது டயர் விஷயம். என்னிடம் இருப்பது கேடிஎம் ஆர்சி 390 பைக். டிரை டயருக்கு ஒரு ஜோடி வீல், வெட் டயருக்கு ஒரு ஜோடி வீல் தனியாக வைத்திருக்கிறேன். வெட் டயரின் ரப்பர் மிகவும் மென்மையானது. ஆழமான பள்ளங்கள் தண்ணீரை வாரி வெளியே தள்ளும், மழைநீர் டயரைத் தொடர்ந்து குளிர வைக்கும். அதே டயரைக் காய்ந்த தாரில் ஓட்டினால் சூடேறி, பள்ளங்களுக்கு நடுவில் இருக்கும் ரப்பர் கட்டைகள் நெளிந்து, சில லேப்பிலேயே ரப்பர் பிய்ந்து வர ஆரம்பிக்கும். விலை கொடுத்து வாங்கியவருக்கு அதைப் பார்க்க வயிறு எரியும். டிரை டயரில் மழைக்குள் போனால் பிரச்சினை காசோடு நிற்காது. சூடு இறங்கிய ரேஸ் ரப்பருக்குத் தண்ணீரின் மேல் பிடிப்பே இருக்காது. முன்வீல் நழுவினால் யோசிக்க நேரம் கிடையாது. வீல் மாற்ற பைக்கை ஸ்டாண்டில் ஏற்றி, ஆக்ஸிலைக் கழற்றி, காலிப்பரை ஒதுக்கி, செயின் இழுவை சரிபார்த்து, காற்றழுத்தம் பார்த்து முடிக்க எங்கள் இரண்டு பேர் குழுவுக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். பயிற்சி செஷனோ 20 நிமிடம். ஆகவே எனக்குத் தேவையான பதில் 'இன்று மழை வருமா' என்பதற்கல்ல. 'அடுத்த ஒரு மணி நேரத்தில் இந்த 3.7 கிலோமீட்டர் நனையுமா' என்பதற்கு.

போனில் இருக்கும் சாதாரண வானிலை செயலிகள் இந்தக் கேள்விக்கு உதவவே உதவாது. எல்லோரும் பயன்படுத்தும் ஒரு செயலி சனிக்கிழமை காலையிலிருந்து இரவு வரை ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே சதவீதத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. அதை நம்பி வீல் மாற்றவும் முடியாது, மாற்றாமல் இருக்கவும் முடியாது.

ரேடார் வேறு. அது கணிப்பு சொல்வதில்லை, இந்த நிமிடம் வானத்தில் இருக்கும் மழைத்துளியைப் பார்த்துச் சொல்கிறது. சென்னைத் துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டடத்தின் மேல் 2002 முதல் இயங்கும் இந்த ஜெர்மன் தயாரிப்பு, வானிலைத் துறையின் முதல் டாப்ளர் ரேடார். எஸ் பேண்ட், அதாவது சுமார் 10 செ.மீ. அலைநீளம். கனமழையை ஊடுருவி அதற்குப் பின்னால் இருப்பதையும் காட்டும். பள்ளிக்கரணையில் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவன வளாகத்தில் எக்ஸ் பேண்ட் ரேடார் ஒன்றும் இருக்கிறது. அதன் அலைநீளம் சுமார் 3 செ.மீ., பக்கத்தில் இருப்பதை நுணுக்கமாகக் காட்டும், ஆனால் கனமழைக்குப் பின்னால் அதன் பார்வை மங்கிவிடும். துறைமுகத்திலிருந்து ட்ராக் நேர்கோட்டில் சுமார் 35 கி.மீ. அரை டிகிரி சாய்வில் போகும் கதிர், அந்தத் தூரத்தில் தரையிலிருந்து அரைக் கிலோமீட்டருக்கும் குறைந்த உயரத்தில்தான் இருக்கும். அதனால் படத்தில் தெரிவது பெரும்பாலும் நம் தலையில் விழப்போகும் மழையேதான். ரேடாரிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் ஊர்களுக்கு இந்த வசதி கிடையாது, அங்கே கதிர் மேகத்தின் உச்சியைத்தான் தொடும்.

படத்தில் இருக்கும் வண்ணங்களை டிபிஇசட் என்ற அளவில் படிக்க வேண்டும், அதாவது மழைத்துளியில் பட்டு ரேடாருக்குத் திரும்பும் அலை எவ்வளவு வலுவானது என்ற கணக்கு. 30 என்றால் மணிக்கு 3 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவான மழை, தார் நனையும். 40 என்றால் 11, 12 மி.மீ. 50 தொட்டால் 50 மி.மீ.க்கு நெருக்கம், அந்த மழையில் யாரும் ஓட்டப் போவதில்லை. 30க்கும் 40க்கும் நடுவில் இருப்பதுதான் வெட் டயருக்கான இடம் என்று நான் வைத்திருக்கிறேன்.

சரி, அந்த சனிக்கிழமைக்கு வருகிறேன். காலை செஷன்கள் காய்ந்த தாரில் நன்றாகவே போயின. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. பைக்குகளை நிறுத்தி வேலை பார்க்கும் பேடாக்கில் பாதிப் பேர் வீலைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். என் மெக்கானிக் தம்பியும் ஸ்பேனரோடு நின்றான். "அண்ணே, மாத்திடலாமா?" படத்தைப் பார்த்தேன். அரக்கோணத்துக்குக் கீழே ஒரு பெரிய சிவப்புத் திட்டு. பத்து நிமிடம் கழித்து வந்த அடுத்த படத்தில் அது நகர்ந்திருந்தது, ஆனால் நேர்கிழக்காக இல்லை, வடகிழக்காக. இரண்டு படத்திலும் திட்டின் நடுவில் விரலை வைத்து ஒரு கோடு இழுத்தால், அது திருவள்ளூர் வழியாகப் போகிறது. நமக்குத் தெற்கே காஞ்சிபுரம் பக்கம் ஒன்றுமே இல்லை. "வேண்டாம்டா, வார்மரைக் கழற்றாதே" என்றேன், டயரைச் சூடாக வைத்திருக்கும் உறையைத்தான் சொல்கிறேன். எங்களுக்கு வந்தது வெறும் காற்றும் நாலு துளியும். மார்ஷல்கள் வெள்ளையில் சிவப்புப் பெருக்கல் குறி போட்ட கொடியைக் காட்டினார்கள், அதாவது இந்தப் பகுதியில் தூறல் விழுகிறது என்று. நான் ஒரு லேப் மெதுவாகப் போய், தார் நிறம் மாறவில்லை என்று பார்த்துக்கொண்டு மறுபடி வேகம் எடுத்தேன். ட்ராக்கில் ஆளே குறைவு. இந்த சீசனில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த பயிற்சி நேரம் அந்த இருபது நிமிடம்தான். முதல் வளைவான சி1-க்கு முன் பிரேக் பிடிக்கும் இடத்தை ஒவ்வொரு லேப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் பார்க்க முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நேர்மாறு. வானம் வெளுத்திருந்தது, வெயில் முதுகைச் சுட்டது, யாருக்கும் மழை நினைப்பே இல்லை. படத்தில் காஞ்சிபுரத்துக்கு மேற்கே ஒரு திட்டு. பத்து நிமிடத்துக்குச் சுமார் 5 கி.மீ. என்று நேராக ட்ராக்கை நோக்கி வந்துகொண்டிருந்தது, மணிக்கு 30 கி.மீ. காஞ்சிபுரத்திலிருந்து ட்ராக்குக்கு நேர்கோட்டில் சுமார் 35 கி.மீ. அப்படியென்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது, அடுத்த செஷனை டிரை டயரில் முடித்துவிடலாம், அதற்கடுத்ததற்கு வெட். அப்படித்தான் திட்டம் போட்டோம். செஷனை முடித்து உள்ளே வந்ததும் வீலை மாற்றத் தொடங்கினோம். பக்கத்துப் பிட்டில் ஒரு பெரியவர் ஆச்சரியமாகப் பார்த்தார். போனைக் காட்டினேன். தன் பையன்களைக் கூப்பிட்டு அவரும் மாற்றச் சொன்னார்.

அப்போது படத்தில் இன்னொன்று தெரிந்தது. திட்டுக்கு முன்னால் வில் மாதிரி வளைந்த, தலைமுடி அளவு மெல்லிய ஒரு கோடு. மழைமேகத்திலிருந்து கீழே இறங்கும் குளிர்ந்த காற்று தரையில் பரவி முன்னேறும்போது, அதன் விளிம்பு ரேடாரில் இப்படித் தெரியும். அந்தக் கோடு ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிய சில நிமிடத்தில், அதுவரை கிழக்கிலிருந்து வந்த காற்று சட்டென்று நின்றது. பேடாக் கொடிகள் எல்லாம் தொங்கின. பிறகு மேற்கிலிருந்து புழுதியோடு ஒரு வீச்சு. டென்ட் துணி ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு பறந்தது. நாங்கள் ஏற்கெனவே ஜெனரேட்டரையும் வார்மரையும் உள்ளே இழுத்து வைத்திருந்தோம். நல்ல மழை. அது தணிந்த பிறகு, தண்ணீர் இன்னும் தாரில் நிற்கும்போதே வெட் டயரில் இறங்கி ஓட்டினேன். ஈரத்தில் எந்த வளைவில் தண்ணீர் தேங்குகிறது, எங்கே வழக்கமான லைனை விட்டு வெளியே போனால் பிடிப்பு அதிகம் என்று பழகுவதற்கு இப்படி ஒரு வாய்ப்பு காசு கொடுத்தாலும் கிடைக்காது. பிறகு வெயில் வந்து ரேஸ் லைன் காய ஆரம்பித்ததும் டயரைக் காப்பாற்ற நானே உள்ளே வந்துவிட்டேன்.

இனி இந்தச் சேவையின் எல்லைகள். முதலாவது, படத்தில் இருக்கும் நேரம் சர்வதேச நேரம். ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். புதிதாகப் பார்ப்பவர் படம் பழையது என்று நினைத்து மூடிவிடுவார். இரண்டாவது, பத்து நிமிடத்துக்கு ஒரு படம் என்பது இடிமேகத்துக்குப் போதாது. இரண்டு படங்களுக்கு நடுவில் ஒரு மேகம் பாதியாகக் கரையவும் செய்யும், இரண்டு மடங்காகப் பெருகவும் செய்யும். மூன்றாவதுதான் முக்கியம்: துளி உருவான பிறகுதான் ரேடாருக்குத் தெரியும். நான் சொன்ன குளிர்காற்றின் விளிம்பு கடல்காற்றோடு மோதும் இடத்தில் புது மேகம் நம் தலைக்கு மேலேயே முளைக்கும். அதற்கு முன்னறிவிப்பே கிடையாது. அந்த மெல்லிய கோட்டைப் பார்த்தால், திட்டு எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் நான் எச்சரிக்கையாகிவிடுவேன்.

மின்னலை இந்தப் படம் காட்டாது. அதற்கு புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் தாமினி செயலி இருக்கிறது, அதுவும் இலவசம். நாம் இருக்கும் இடத்தைச் சுற்றி 20 கி.மீ., 40 கி.மீ. வட்டத்தில் மின்னல் அபாயத்தைச் சொல்லும். திறந்த வெளியில் கொடியோடு நிற்கும் மார்ஷல்களுக்காகவாவது ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இதை வைத்திருக்க வேண்டும். வானிலைத் துறையின் மூன்று மணி நேர மாவட்ட எச்சரிக்கையையும் பார்க்கலாம், நாளின் போக்கு புரியும். ஆனால் அது காஞ்சிபுரம் மாவட்டம் முழுமைக்கும் ஒரே நிறம், டயர் முடிவுக்கு உதவாது.

ரேடார் படிப்பது கடினம் என்று தயங்க வேண்டாம். 'தமிழ்நாடு வெதர்மேன்' என்ற பெயரில் வானிலை பற்றி எழுதும் பிரதீப் ஜான் போன்றவர்களின் பதிவுகளைப் பின்தொடர்ந்தே சென்னையில் எத்தனையோ பேர் இதைக் கற்றுக்கொண்டார்கள். அவர்கள் துணி காயப்போட வேண்டுமா என்று முடிவெடுக்க அதைப் பார்க்கிறார்கள். மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் வளைவைத் தேடிப் போகும் நாம் பார்க்காமல் இருப்பது சரியில்லை.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். பத்து நிமிட இடைவெளிக்காக அரை குறைத்தேன். பயன்படுத்த நினைப்பவர்கள் வானிலைத் துறையின் மௌசம் தளத்தில் ரேடார் பகுதிக்குப் போய்ச் சென்னையைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பக்கத்தை வீட்டிலேயே சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். ட்ராக்கில் இருக்கும்போது போன் ஓட்டுபவரிடம் இருக்கக் கூடாது, மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். செஷனுக்கு நடுவில் மழை நெருங்கினால் பிட்டிலிருந்து ஓட்டுபவருக்குத் தகவல் காட்டும் பலகையான பிட் போர்டில் காட்ட ஒரு குறியைக் காலையிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் போர்டில் ஒரே ஒரு 'ம' போடுகிறோம்.