முசிறியா, திருச்சியா, திருப்பதியா?

தொட்டியம் பக்கம் எங்கள் சொந்தத்தில் ஒரு பையன், அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறான். அப்பா வாழைத்தார் சுமக்கிறவர். பையனுக்கு பி.எஸ்சி. இயற்பியல்தான் வேண்டுமாம். "எங்க சேந்தா அப்பாவுக்குக் கடன் ஆகாது மாமா?" என்று கேட்டான். இரண்டு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

அவன் பள்ளிக்கு வந்து போன் நம்பர் வாங்கிப் போன ஒரு தனியார் கல்லூரி, "பாதி ஃபீஸ் தள்ளுபடி" என்று தினமும் அழைத்துக்கொண்டிருந்தது. தள்ளுபடி மூன்று வருடத்துக்குமா, எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். அப்புறம் அழைப்பே இல்லை. மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கும் என்றும் ஆசை காட்டியிருக்கிறார்கள். அது அரசின் தமிழ்ப் புதல்வன் பணம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பையன் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் வரும். அதைக் கல்லூரியின் சலுகை மாதிரி சொல்வது கொஞ்சம் அதிகம்தான்.

முசிறி அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி வீட்டுக்குப் பக்கம். டியூஷன் ஃபீஸ் கிடையாது, மற்ற கட்டணங்களும் சொற்பம், பஸ் பாஸ் இலவசம். அரசுக் கலைக் கல்லூரிகளுக்கான டி.என்.ஜி.ஏ.எஸ்.ஏ. இணையதளத்தில் விண்ணப்பிக்க 50 ரூபாய், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 2 ரூபாய். வீட்டுச் சோறு என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். விடுதியில் தங்கிப் படித்தால் பெரும் செலவு சாப்பாடுதான்.

திருச்சியில் தந்தை பெரியார் அரசுக் கல்லூரியும் ஏறக்குறைய இதே செலவுதான், ஆனால் தங்க வேண்டிவரும். பிற்படுத்தப்பட்டோர் நலத் துறை விடுதியில் இடம் கிடைத்தால் தங்கலும் சாப்பாடும் இலவசம். பையன்களுக்கு வீடு 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும் என்பது விதி. இவனுக்கு அது பிரச்சினையே இல்லை.

அவன் மனசு என்னவோ திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில். அப்துல் கலாம் இயற்பியல் படித்த இடம், ஆசை வராமல் இருக்குமா? அது போன்ற அரசு உதவி பெறும் கல்லூரிகளில் பலரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். ஒரே வளாகம், ஒரே பட்டம், ஆனால் எய்டட் (அரசு உதவி பெறுவது), செல்ஃப் பைனான்ஸ் (கல்லூரியே கட்டணம் வாங்கி நடத்துவது) என்று இரண்டு பிரிவு இருக்கும். எய்டட் கட்டணம் ஏழை வீட்டுக்கு எட்டும். செல்ஃப் பைனான்ஸில் அது பல மடங்கு. இடம் கிடைத்த சந்தோஷத்தில் எந்தப் பிரிவு என்று பார்க்காமல் முதல் தவணையைக் கட்டியவர்களை எனக்குத் தெரியும். எய்டட் கிடைத்தால் போ, இல்லாவிட்டால் அந்தப் பேருக்காகக் கடன் வாங்காதே என்று சொல்லிவிட்டேன்.

திருப்பதியில் உள்ள ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்? ஐந்து வருடப் படிப்பு, ஆராய்ச்சிக்கு அருமையான இடம். ஆனால் நுழைவுத் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தமிழ்வழியில் படித்தவனுக்கு முதல் சுவரே அதுதான். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கான சி.யூ.இ.டி. நுழைவுத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். இந்த வருடம் அவனுக்கு யாரும் சொல்லவில்லை, விண்ணப்பத் தேதி போய்விட்டது.

காசை மட்டும் பார்த்தால் இன்ஜினியரிங்தான் ஜெயிக்கும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தால் விடுதிக் கட்டணம் உட்பட அரசே கட்டுகிறது. கலை அறிவியல் படிப்புகளுக்கு அந்த ஏற்பாடு இல்லை. இதையும் மறைக்காமல் சொன்னேன். "எனக்கு ஃபிசிக்ஸ்தான்" என்றான். சரி.

அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கென்று மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை இருக்கிறது: வருடத்துக்கு 60,000 ரூபாயும், கோடைக்கால ஆய்வுக்கு 20,000 ரூபாயும். பொதுத் தேர்வில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வர வேண்டும், அந்தந்த வருட அறிவிப்பையும் பார்க்க வேண்டும். முசிறியில் படித்தாலும் இதற்கு மனுப் போடலாம். அப்புறம் ஜாம் என்ற எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு. எந்தக் கல்லூரியில் பி.எஸ்சி. முடித்திருந்தாலும் அதை எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரலாம். அதுவும் ஆங்கிலத்தில்தான், ஆனால் இதற்குத் தயாராக மூன்று வருடம் இருக்கிறது.

இப்போது அவன் பட்டியலில் முதலில் செயின்ட் ஜோசப் எய்டட், அடுத்து முசிறி. திருச்சி விடுதி உறுதியானால் முசிறிக்குப் பதிலாகத் தந்தை பெரியார் கல்லூரிக்குப் போவானாம். அவன் அம்மாவுக்கு மட்டும் முசிறியே கிடைக்கட்டும் என்று ஆசை.