பளபளப்பை நம்பி லூகர் வாங்கிவிடாதீர்கள்

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் நடந்த துப்பாக்கிக் கண்காட்சியில் சென்ற ஆண்டு ஒரு லூகர் பி08 வாங்கினேன்; முதல் உலகப் போரில் ஜெர்மன் ராணுவம் பயன்படுத்திய கைத்துப்பாக்கி அது. தோட்டா அமரும் அறையான சேம்பரின் மேல் 1917 என்ற ஆண்டு. பின்னால் பெர்லின் தொழிற்சாலையான டி.டபிள்யூ.எம்.மின் முத்திரை. "எல்லா உறுப்பிலும் ஒரே எண், போரிலிருந்து வந்தபடியே இருக்கிறது" என்று வியாபாரி உறுதியாகச் சொன்னார். 2,600 டாலர் கொடுத்தேன். அதில் பாதிகூடப் பெறாது என்று, வீட்டில் லென்சை எடுத்துப் பார்த்த அன்றே தெரிந்துவிட்டது.

அந்தக் காலத்து லூகரில் விசை, பாதுகாப்பு நெம்புகோல் போன்ற சிறு உறுப்புகளைச் சூடேற்றி வைக்கோல் மஞ்சள் நிறத்துக்குக் கொண்டுவந்திருப்பார்கள். என்னுடையதில் அவையும் கருநீலம். யாரோ முழுத் துப்பாக்கியையும் தேய்த்து, எஃகின் மேல் கருநீலப் பூச்சு வரும்படி புதிதாக நீலமேற்றியிருக்கிறார்கள். முத்திரைகளின் ஓரங்கள் மழுங்கியிருப்பதும் அதனால்தான். வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைச் சிறு உறுப்புகளில் பொறிப்பது ராணுவ வழக்கம். பக்கத் தகட்டைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால், எண் இருக்கும் இடம் மட்டும் லேசாகக் குழிந்திருக்கிறது. பழைய எண்ணை அராவிவிட்டு, பொருந்தும்படி வேறு எண் அடித்திருக்கிறார்கள். தோட்டாக்களை அடைக்கும் மேகசினின் அடிக்கட்டை மரத்தில் இருக்க வேண்டும். இருந்தது அலுமினியம், பிற்காலத்து மேகசின்.

ரசீதில் நான்கு இலக்க எண் மட்டுமே இருந்தது. ராணுவ லூகர்களின் எண் ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து தொடங்கும்; பத்தாயிரத்தைத் தாண்டும்போதெல்லாம் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கி, அடுத்த எழுத்து அதோடு சேரும். அந்த எழுத்தை விட்டுவிட்டால் அதே ஆண்டின் பல துப்பாக்கிகளுக்கு அந்த எண் பொருந்தும். "எண்கள் அனைத்தும் ஒன்றே" என்று வாயால் சொன்னதை அவர் எழுத்தில் தரவே இல்லை. திருப்பிக் கொடுக்கப் போனபோது, விற்றதை வாங்குவதில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்றே அவர் மேசையில் 1917க்கு மேல் 1920 என்று பொறித்த இன்னொன்றும் இருந்தது. 1920இல் மறுபடி தயாரித்தது, அபூர்வம் என்று ஓர் இளைஞரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பதறியது. அது தயாரிப்பு ஆண்டே அல்ல; போருக்குப் பின் ஜெர்மனியை ஆண்ட வைமர் அரசு தன் உடைமை என்று காட்ட அடித்த முத்திரை. அந்த இளைஞரிடம் சொல்லிவிட்டேன்.

அடுத்த மாதமும் அவர் அங்கே மேசை போடுகிறார். போகிறவர்கள் லென்சும் சிறு கைவிளக்கும் கொண்டுபோங்கள். எழுத்தோடு முழு எண்ணையும், "பழைய நீலம், எண்கள் அசல்" என்ற சொற்களையும் ரசீதில் எழுதி வாங்கிய பிறகே பணத்தைக் கொடுங்கள்.