ஹவானா மே தின ஊர்வலத்துக்குத் தோதான வீட்டு விடுதி

கியூபாவின் ஹவானாவில் ஆங்கிலம் கற்பிக்கும் நான், மே தின ஊர்வலத்துக்காகவே வெடாடோ பகுதியில் இந்தக் 'காசா பர்ட்டிகுலர்' அறையை, அதாவது குடும்பத்தார் தங்கள் வீட்டிலேயே வாடகைக்கு விடும் அறையை, எடுத்தேன். அனுமதி பெற்ற வீடு. அதற்கு அடையாளமாக வாசலில் நங்கூரம் போன்ற நீலச் சின்னம் இருக்கிறது.

அறை சாதாரணம்தான். கவனிப்புதான் அபாரம்! விடியுமுன்பே வீட்டுக்கார அம்மா எழுந்து, சின்னக் கோப்பையில் சர்க்கரை தூக்கலாகக் காபி கொடுத்தார். புரட்சிச் சதுக்கம்வரை கூடவே நடந்தும் வந்தார். தோளில் குழந்தை, கையில் கொடி என்று அப்பாக்கள், வெள்ளைக் கோட்டு மருத்துவர்கள், நடுவே என்னைப் பார்த்துக் கையசைத்த என் மாணவர்கள். எதிரே உள்துறை அமைச்சகச் சுவரில் இரும்பால் வரைந்த சே குவேரா முகம். கியூப விடுதலை வீரர் ஹோசே மார்த்தியின் 109 மீட்டர் நினைவுக் கோபுரத்தடியில் மெய்சிலிர்த்து நின்றேன்.

மின்வெட்டு உண்டு, டார்ச் எடுத்துப் போங்கள். அடுத்த மே தினத்துக்கும் அங்கேதான் சொல்லி வைத்திருக்கிறேன்.