9800 எம்ஏஎச் என்று அச்சிட்ட 18650 செல்களை நம்பி வாங்காதீர்கள்

ஆர்டுயினோ என்ற சின்னக் கன்ட்ரோலர் போர்டை வைத்து நான்கு மோட்டார் ரோபோ கார் ஒன்று செய்தேன். அதற்காக ஆன்லைனில் இரண்டு 18650 லித்தியம் செல்கள் (உருளை வடிவ ரீசார்ஜ் செல்கள்) வாங்கித் தொடராக இணைத்தேன். உறையில் 9800 எம்ஏஎச் (செல்லின் கொள்ளளவு, அதாவது அது தேக்கும் மின்சாரத்தின் அளவு) என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

காரைக் கையில் தூக்கிப் பிடித்தால் சக்கரங்கள் நன்றாகச் சுழலும். தரையில் வைத்தால் கிளம்பும்போதே ஆர்டுயினோ ரீசெட் ஆகிவிடும். என் கோடில்தான் (புரோகிராமில்தான்) பிழை என்று நினைத்து இரண்டு வாரம் அதையே மாற்றி மாற்றி எழுதினேன். மோட்டார்களுக்குக் கரன்ட் கொடுக்கும் மோட்டார் டிரைவர் போர்டை மாற்றினேன், ஒயர்களை மறுபடி சால்டர் செய்தேன். ஒன்றும் பலிக்கவில்லை.

மல்டிமீட்டரில் பேட்டரி 8.2 வோல்ட் காட்டியதுதான் என்னை ஏமாற்றியது. லோடு இல்லாமல், அதாவது எதையும் ஓட்டாமல் அளந்தால் மட்டமான செல்லும் அப்படித்தான் காட்டும். நின்றிருக்கும் மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு கரன்ட் இழுக்கும். செல்லின் உள்தடை (செல்லுக்குள்ளேயே கரன்டைத் தடுக்கும் தடை) அதிகமாக இருந்தால் அந்த நொடியில் வோல்டேஜ் சரிந்துவிடும். ஒருநாள் மீட்டர் முனைகளைச் செல்லிலேயே பிடித்துக்கொண்டு காரைக் கிளப்பினேன். 8.2 சட்டென்று 5க்குக் கீழே போனது. நண்பரிடமிருந்து பவர் சப்ளை வாங்கி 7.4 வோல்ட் கொடுத்தேன், அதே கோடு, அதே ஒயரில் கார் ஒழுங்காக ஓடியது. அப்புறம் என்ன சந்தேகம்?

செல்லை எடை போட்டேன், 31 கிராம். நல்ல 18650 செல் பொதுவாக 45 கிராம் அளவில் இருக்கும். கொள்ளளவு அளக்கும் சார்ஜரில் போட்டதில் 920 எம்ஏஎச்தான் வந்தது. பெயர்பெற்ற நிறுவனங்களின் நல்ல செல்களே 3500 எம்ஏஎச் அளவில்தான் இருக்கின்றன. இந்த அளவுள்ள உருளைக்குள் 9800 அடங்கவே அடங்காது. இது முன்பே தெரிந்திருந்தால் வாங்கியிருக்கவே மாட்டேன்.

படங்களோடு விற்பவருக்கு எழுதினேன். "உங்கள் சர்க்யூட் அதிகக் கரன்ட் இழுக்கிறது, செல்லில் குறையில்லை" என்று பதில். எடையைப் பற்றிக் கேட்டதற்கு, திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டது என்றார்கள். நான் கோடைத் திருத்திக்கொண்டிருந்த இரண்டு வாரத்தில்தான் அது முடிந்திருந்தது. அதனால் செல் கைக்கு வந்த அன்றே எடை போட்டுப் பாருங்கள், லோடு வைத்து அளந்து பாருங்கள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள்: எல்லாப் பழியையும் செல் மேல் போட்டுவிடவும் கூடாது. செல்லின் முனைகளில் வோல்டேஜ் நிலையாக இருந்து, போர்டில் மட்டும் குறைந்தால் ஒயரையோ ஹோல்டரின் ஸ்பிரிங்கையோ பாருங்கள். எல்298என் என்ற மோட்டார் டிரைவர் தானே சுமார் 2 வோல்டைத் தின்றுவிடும், மோட்டார் மெதுவாகச் சுற்ற அதுவும் காரணமாகலாம்.

உள்ளே என்னதான் இருக்கிறது என்று அந்தச் செல்லைப் பிரிக்க மட்டும் போகாதீர்கள், தீப்பிடிக்கும். நான் இரண்டையும் மின்கழிவில் கொடுத்துவிட்டேன். இப்போது 2500 எம்ஏஎச் என்று அச்சிட்ட செல்களில் கார் ஓடுகிறது.